3-லிருந்து 2-க்கு இறக்கினா குலுக்கல், ரிவர்ஸ்ல கர்ர் சத்தம், ரேம்ப்ல கருகல் வாடை: கிளட்ச் செட்டையே மாத்தணுமா?

ஓஆர்ஆர்_வாசி:

அண்ணன்மார்களே, ஒரு டவுட். வண்டி 2017 பெட்ரோல் ஹேட்ச்பேக், 5 ஸ்பீடு, கேபிள் கிளட்ச். 68,000 கி.மீ. ஓடியிருக்கு, கிளட்ச்ல இதுவரைக்கும் யாரும் கை வைக்கல. தினமும் பெங்களூர்ல மாரத்தஹள்ளி, சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி. எப்பவாவது திம்பம் மலைப்பாதை இறங்கி ஈரோடு.

ஹம்ப் வரும்போது 3-லிருந்து 2-க்கு இறக்கி கிளட்ச்ச விட்டா, வண்டி மூக்கு குத்தி ஒரு குலுக்கு குலுக்குது. மெதுவா விட்டா குலுக்கல் இல்ல, ஆனா ரெண்டு மூணு செகண்ட் இன்ஜின் உறுமிக்கிட்டே வருது.

அடுத்தது, ஆபீஸ் பார்க்கிங் ரெண்டு மாடி கீழ. சாயங்காலம் எல்லாரும் ஒண்ணாக் கிளம்பினா ரேம்ப் மேலயே வரிசை நிக்கும். வெளிய வந்ததும் கருகல் வாடை.

காலைல ஸ்டார்ட் பண்ண உடனே ரிவர்ஸ் போட்டா 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். முன் கியர் எதுலயும் சத்தம் இல்ல.

சர்வீஸ்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு கிளட்ச் செட், ஃப்ளைவீல் (கிளட்ச் பிளேட் ஒட்டற இன்ஜின் பக்கத்துச் சக்கரம்), கூடவே கியர்பாக்ஸ் இறக்கி சின்க்ரோ (கியர் விழும்போது ரெண்டு பக்க வேகத்தையும் சமமாக்கற வளையம்) வேலைன்னு எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. மூணுக்கும் ஒரே காரணமா, வேற வேறயா? டவுன்ஷிப்ட் எப்படிப் பண்ணணும்னும் கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

நாலாவது_கியர்:

மூணையும் ஒரே மூட்டையாக் கட்டாதீங்க. குலுக்கல் பெரும்பாலும் பாகத்தோட கோளாறு இல்ல, வேகக் கணக்கு. மத்த ரெண்டையும் பெல்_ஹவுசிங் அண்ணன் வந்து சொல்வார், தினமும் கியர்பாக்ஸ் இறக்கறவர் அவர்தான்.

இந்த சைஸ் வண்டில கியர் ரேஷியோ (ஃபைனல் டிரைவோட பெருக்கினா சக்கரம் ஒரு சுத்து சுத்த இன்ஜின் எத்தனை சுத்துன்னு வரும்) சுமாரா இப்படி இருக்கும்: 1-வது 3.5, 2-வது 1.90, 3-வது 1.28, 4-வது 0.95, ஃபைனல் டிரைவ் 4.1. 165/80 ஆர்14 டயர் ஒரு சுத்துக்கு 1.95 மீட்டர் போகும். பெருக்கிப் பாருங்க. 40 கி.மீ. வேகத்துல 3-வதுல இன்ஜின் 1,800 ஆர்.பி.எம். சுத்தும். அதே 40-ல 2-வதுல 2,670 சுத்தணும்.

சரி, வித்தியாசம் 870 தானேன்னு நினைப்பீங்க. அது இல்ல. கிளட்ச்ச மிதிச்சு, ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, கியரை மாத்தி முடிக்கறதுக்குள்ள இன்ஜின் 1,000-க்குப் பக்கத்துல இறங்கிடும். இப்ப கிளட்ச்ச விட்டா 1,000-லிருந்து 2,670-க்கு யாரோ அதை இழுத்துத் தூக்கணும். தூக்கறது சக்கரம், அதாவது வண்டியோட ஓட்டம். அதான் மூக்கு குத்துது. மெதுவா விட்டா அதே வேலையை கிளட்ச் பிளேட் உரசி உரசிச் செய்யுது. நீங்க சொன்ன அந்த உறுமல் பிளேட் தேயற சத்தம்னே வச்சுக்கோங்க.

இதுக்கு ரெண்டு வழி.

டவுனுக்குள்ள நான் சொல்றது முதல் வழி: பிரேக் முதல்ல, கியர் அப்புறம். ஹம்புக்கு முன்னாடி 3-வதுலயே, கிளட்ச்ச தொடாம, பிரேக் போட்டு 20-க்குக் கொண்டு வாங்க. 20-ல 3-வதுல இன்ஜின் 900 சுத்தும், உதற ஆரம்பிக்கற இடம் அது. அங்க கிளட்ச் மிதிச்சு 2-வது. 20-ல 2-வதுக்கு வேண்டியது 1,330. இன்ஜின் 900-ல இருக்கு. மிச்சம் 400 சுத்துதான், கிளட்ச்ச சாதாரணமா விட்டாலே தெரியாது. நிறைய பேர் பண்றது தலைகீழ்: 40-லயே 2-வதைப் போட்டு, கிளட்ச்ச பாதியில வச்சு அதையே பிரேக்கா பயன்படுத்தறது. பிரேக் பேட் மாத்த சக்கரத்தைக் கழட்டினா போதும். கிளட்ச் பிளேட் மாத்த கியர்பாக்ஸையே இறக்கணும். எதைத் தேய்க்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. இன்னொண்ணு, ஓஆர்ஆர்ல (அவுட்டர் ரிங் ரோடு) கியரை இறக்கியே வேகத்தைக் குறைச்சா பின்னாடி பிரேக் லைட் எரியாது. பின்னாடி ஒட்டி வர்ற பைக்காரருக்கு நீங்க நிக்கப் போறது தெரியாது.

ரெண்டாவது வழி ரெவ் மேட்சிங், அதாவது கிளட்ச்ச விடறதுக்கு முன்னாடியே இன்ஜின் சுத்தை புதுக் கியருக்குச் சமமா ஏத்தறது. ஓவர்டேக் பண்ணவோ ஏத்தத்துலயோ 40-50-ல இறக்க வேண்டி வந்தா இது. கிளட்ச் மிதி, லிவரை 2-க்குத் தள்ளு, தள்ளற அதே நேரத்துல ஆக்ஸிலேட்டரை ஒரு சின்னத் தட்டு, ஊசி ஏறி வர்றப்பவே கிளட்ச்ச விடு. எவ்வளவு தட்டணும்னு மனக்கணக்கு: 3-லிருந்து 2-க்கு இப்ப இருக்கற ஆர்.பி.எம்.-ஐ ஒன்றரை மடங்கு ஆக்கணும், 4-லிருந்து 3-க்கு மூணுல ஒரு பங்கு கூட்டணும். 2-லிருந்து 1-க்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனாலதான் அது முரண்டு பிடிக்குது. 30-ல 1-வதைப் போட்டா இன்ஜின் 3,700-க்குத் தாவணும். 10-க்குக் கீழ வந்தப்புறம் 1-வது போட்டாப் போதும். ஒரு வாரம் பழகினா ஊசியைப் பார்க்க வேண்டாம், காதே சொல்லிடும்.

இங்க ஒரு விஷயத்தைப் பல பேர் குழப்பிக்கறாங்க. கிளட்ச் மிதிச்சபடி தட்டற தட்டு, பிளேட்டுக்குத்தான் நிம்மதி. சின்க்ரோவுக்கு அதால ஒரு பைசா லாபம் இல்ல. ஏன்னா கிளட்ச் பிரிஞ்சிருக்கும்போது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டுக்கும் (கிளட்ச்லேர்ந்து கியர்பாக்ஸுக்குள்ள போற தண்டு) தொடர்பே கிடையாது. அந்த ஷாஃப்டையும் அதுல மாட்டியிருக்கற பிளேட்டையும் வேகம் ஏத்தறது பித்தளை சின்க்ரோ ரிங்தான். அதுக்கு உதவணும்னா டபுள் டிகிளட்ச்: மிதி, நியூட்ரல், விடு, தட்டு, மறுபடி மிதி, 2-வது, விடு. பழைய லாரி டிரைவருங்க பண்றது. இந்த வண்டிக்கு அவசியமே இல்ல. லிவரை ரெண்டு விரலால நியூட்ரல்ல ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் தள்ளினா சின்க்ரோ தன் வேலையைப் பார்த்துக்கும். அடிச்சுத் தள்ளாதீங்க.

5-லிருந்து நேரா 3-க்கு, 4-லிருந்து 2-க்குப் போலாமான்னு கேப்பாங்க. தாராளமா போலாம், வேகம் அந்தக் கியருக்கு இறங்கியிருந்தா. ஒவ்வொரு படியா இறங்கினா கிளட்ச்சுக்குத்தான் கூடுதல் வேலை.

ஜாம்ல 2-வதுலயே உருட்டற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. 2-வதுல 800 ஐடில்னா 12 கி.மீ. வேகம். அதுக்குக் கீழ போகணும்னா பிளேட் வழுக்கியே ஆகணும். 5 கி.மீ.-ல ஊர்ந்தா இன்ஜின் 1,000 சுத்தும், பிளேட் 330 சுத்தும், நடுவுல இருக்கற 670-ம் சூடாத்தான் போகுது. 1-வதுல காலையே வைக்காம விட்டா வண்டி தானா 6, 7 கி.மீ.-ல ஊரும். முன்னாடி ரெண்டு கார் இடம் விட்டு, அது நிறைய வரைக்கும் நின்னு, அப்புறம் 1-வதுல முழுசா கிளட்ச்ச விட்டு ஊருங்க. நடுவுல ஆட்டோ புகும், புகட்டும்.

மைலேஜ்_மன்னன்:

இவ்வளவு கணக்கு எதுக்கு பாஸ்? சிக்னல் தெரிஞ்சதும் நியூட்ரல் தட்டு, பிரேக் போட்டு நிறுத்து. டவுன்ஷிப்டே வேண்டாம். கிளட்ச்சும் தேயாது, பெட்ரோலும் மிச்சம்.

நாலாவது_கியர்:

கிளட்ச் விஷயத்துல பாதி சரி. நிக்கப் போறோம்னு உறுதியாத் தெரிஞ்சா 3-வதுலயோ 4-வதுலயோ பிரேக் போட்டு, கடைசி 15 கி.மீ.-ல நியூட்ரலுக்கு வர்றது நல்ல பழக்கம்தான், இறக்க வேண்டியதில்ல.

பெட்ரோல் விஷயத்துல தப்பு. கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இன்ஜெக்ஷன் வண்டில கியர்ல இருந்துக்கிட்டு ஆக்ஸிலேட்டரை முழுசா விட்டா இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரையே மூடிடும், ஒரு சொட்டு பெட்ரோல் போகாது. சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. ஐடிலுக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான் மறுபடி திறக்கும். நியூட்ரல்ல உருட்டினா இன்ஜின் தன் ஐடிலுக்குப் பெட்ரோல் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.

இறக்கத்துல நியூட்ரல்ங்கற பேச்சே வேண்டாம். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்துல டீசல் மிச்சம்னு லாரிங்க நியூட்ரல்ல விட்டு என்ன ஆச்சுன்னு பேப்பர்ல எத்தனை தடவை வந்தாச்சு.

பெல்_ஹவுசிங்:

ஓஆர்ஆர்_வாசி, எஸ்டிமேட்டுக்குச் சரி சொல்வதற்கு முன் நான்கு சோதனை செய்யுங்கள். வீட்டிலேயே முடியும். தேவை ஒரு ஸ்கேல், ஒரு காலி ரோடு.

முதலில் பெடல் ஃப்ரீ பிளே. இன்ஜின் ஆஃப். ஸ்கேலைப் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி, கையால் பெடலை அழுத்துங்கள், காலால் வேண்டாம். கொஞ்ச தூரம் லொடலொடவென்று எதிர்ப்பே இல்லாமல் போகும், பிறகு இறுக்கம் தெரியும். அந்த லொடலொட தூரம்தான் ஃப்ரீ பிளே. கேபிள் வண்டியில் பொதுவாக 15 முதல் 25 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் மேனுவலில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதுதான் முடிவு.

இரண்டாவது, கிளட்ச் வழுக்குகிறதா. சூடான இன்ஜின், காலி ரோடு, லேசான ஏற்றமாக இருந்தால் நல்லது. 4-வது கியரில் 60 கி.மீ., அப்போது இன்ஜின் 2,000-ஐ ஒட்டி இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஊசியும் வேகமும் சேர்ந்தே ஏறவேண்டும். 80 வரும்போது 2,700-ஐ ஒட்டி இருக்கும். வேகம் 65-லேயே நிற்க, ஊசி மட்டும் 3,000-க்குப் பறந்தால் வழுக்குகிறது. ஹேண்ட்பிரேக் போட்டு 4-வதில் கிளட்சை விட்டுப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். ஒருமுறை செய்தால் தவறில்லை, நாலு முறை செய்து காட்டினால் நல்ல பிளேட்டும் கருகும்.

மூன்றாவது, கிளட்ச் முழுசாகப் பிரிகிறதா. ஐடிலில் நியூட்ரல். கிளட்சைத் தரை வரை மிதித்து ஐந்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாகப் பிரிகிறது என்று பொருள். இந்த மாதிரி கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது, நேர்ப்பல் ஐட்லர் கியர் ஒன்று நடுவில் நகர்ந்து வந்து மாட்டும். காலையில் குளிர்ந்த இன்ஜின் 1,200 முதல் 1,500 வரை ஐடில் ஆகும். கிளட்சை மிதித்த பிறகும் இன்புட் ஷாஃப்ட் தன் வேகத்தில் சில நொடி சுற்றும். அதற்குள் ரிவர்ஸ் போட்டால் பல்லும் பல்லும் உரசத்தான் செய்யும். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் கிளட்சை மிதித்து முதலில் 1-வதைப் போட்டு, விடாமல் அப்படியே ரிவர்ஸுக்கு வாருங்கள்; 1-வதின் சின்க்ரோ ஷாஃப்டை நிறுத்திக் கொடுத்துவிடும். ஐந்து எண்ணியும் கர்ர் என்றால் அது டிராக், அதாவது மிதித்தும் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. கேபிள் நீண்டிருக்கலாம், பிளேட் வளைந்திருக்கலாம், ஸ்ப்லைனில் (பிளேட் மாட்டும் ஷாஃப்டின் நீளவாக்குப் பற்கள்) துரு ஏறி பிளேட் நகராமல் இருக்கலாம்.

நான்காவது காது வேலை. நியூட்ரலில் பெடலைத் தொடாமல் இருக்கும்போது ஒரு ஊளை, மிதித்தால் அது நின்றுவிடுகிறது என்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங், பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் பேரிங் அது. இரண்டுக்கும் செலவு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சின்க்ரோ பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். சின்க்ரோ ரிங் தேய்ந்தால் குறிப்பிட்ட ஒரு முன் கியர் மட்டும், பெரும்பாலும் 2 அல்லது 3, வேகமாக மாற்றும்போது கர்ர் என்னும். டபுள் டிகிளட்ச் செய்தால் சத்தம் மறைந்துவிடும். உங்களுக்கு முன் கியர் எதிலும் சத்தம் இல்லை என்கிறீர்கள். பிறகு எந்தச் சின்க்ரோவை மாற்றப் போகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த வரியை எஸ்டிமேட்டிலிருந்து அடிக்கச் சொல்லலாம்.

ரேம்ப் வாடைக்கு: அரை கிளட்சில் ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் எந்தக் கிளட்சும் பத்து, பதினைந்து நொடியில் வாடை அடிக்கும். ரேம்ப் காலியாகும் வரை கீழே சமதளத்திலேயே நில்லுங்கள், பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். நடுவில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட்பிரேக், நியூட்ரல், கிளட்சிலிருந்து கால் வெளியே. கிளம்பும்போது 1-வது, 1,500 வரை ஆக்ஸிலேட்டர், கிளட்சை மெல்ல எடுக்க, வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை தூக்கும். அங்கே பிடித்து ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். வண்டி தன் நீளத்துக்கு நகர்வதற்குள் கிளட்ச் முழுக்க வெளியே வந்துவிட வேண்டும். ஏற்கெனவே வாடை வந்துவிட்டால் மேலே போய் ஓரம் கட்டி, நியூட்ரலில் பெடலை விட்டு, இன்ஜினை ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கிளட்ச் கவர் சுற்றினால்தான் பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) காற்று அசையும். உடனே ஆஃப் செய்தால் சூடு உள்ளேயே நிற்கும்.

சோதனை முடிவை எழுதுங்கள், மேலே பேசலாம்.

ஓஆர்ஆர்_வாசி:

ரொம்ப நன்றிண்ணா. நாலும் பார்த்துட்டேன்.

ஃப்ரீ பிளே: லொடலொடப்பே இல்ல. மேல இருந்தே இறுக்கம், கையால ஒரு மி.மீ. கூட சும்மா அசையல.
வழுக்கல்: 4-வதுல 60-ல முழுசா மிதிச்சா ஊசி 2,800 போய் நிக்குது, வேகம் அப்ப 64. அப்புறம் மெதுவா ஒட்டிக்குது.
ரிவர்ஸ்: அஞ்சு எண்ணிப் போட்டா சத்தமே இல்ல.
சத்தம்: பெடலைத் தொடாமலே ஒரு மெல்லிய 'சிர்ர்'. கால் வச்சா சுருதி மாறுது, ஆனா நிக்கல.

20-க்கு பிரேக் போட்டு 2-வது போட்டுப் பார்த்தேன். குலுக்கல் போயே போச்சு.

பெல்_ஹவுசிங்:

படம் தெளிவாகிவிட்டது. கேபிளில் ஃப்ரீ பிளே பூஜ்யம். அதுதான் வழுக்கலுக்குக் காரணம், அல்லது காரணத்தில் பாதி.

கிளட்ச் பிளேட் தேயத் தேய, அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அதன் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் நடு விரல்கள் எதிர்ப்பக்கம், ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். அதனால்தான் கேபிள் வண்டியில் பிளேட் தேய்ந்தால் ஃப்ரீ பிளே குறையும், பைட் பாயின்ட் (பெடலை விடும்போது கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்) மேலே ஏறும். இடையில் யாரும் அட்ஜஸ்ட் செய்யாவிட்டால் ஒரு கட்டத்தில் பேரிங் விரல்கள் மேல் நிரந்தரமாகச் சாய்ந்துவிடும். நீங்கள் பெடலைத் தொடாதபோதும் கிளட்சை யாரோ லேசாக மிதித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம் அது. அந்த 'சிர்ர்', விரல்களோடு சேர்ந்து ஓயாமல் சுற்றும் பேரிங். ரிவர்ஸ் சத்தம் டிராக் இல்லை என்பதும் இதோடு பொருந்துகிறது: ஃப்ரீ பிளே இல்லாத கேபிள் கிளட்சை அதிகமாகத்தான் பிரிக்கும், குறைவாக அல்ல.

செய்ய வேண்டியது: பானெட்டைத் திறந்து கேபிள் கியர்பாக்ஸ் பக்கம் ரிலீஸ் லிவரில் சேரும் இடத்தைப் பாருங்கள். திரெட் போட்ட கம்பி முனையில் அட்ஜஸ்ட் நட் இருக்கும், சில வண்டியில் கூடவே ஒரு லாக் நட். முதலில் நட்டிலிருந்து திரெட்டின் வெளிமுனை வரை எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நட்டைத் தளர்த்துங்கள். லிவரை விரலால் ஆட்டினால் 2 முதல் 4 மி.மீ. சும்மா அசைய வேண்டும், பெடலில் அது 15 மி.மீ.-க்கு மேல் தெரியும். ஐந்தாறு முறை பெடலை மிதித்து விட்டு மறுபடி அளங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதை ஒரு பிளையரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகுங்கள், இல்லாவிட்டால் கேபிள் இழை உள்ளேயே பிரிந்துவிடும்.

முடித்துவிட்டு அதே 4-வது கியர் சோதனை. வழுக்கல் நின்றால் கிளட்சுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, ஆயிரம் கி.மீ. கழித்து ஃப்ரீ பிளேயைத் திரும்ப அளங்கள், நிலையாக இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். ஃப்ரீ பிளே கொடுத்தும் வழுக்கினால், அல்லது நட் திரெட்டின் முனைக்கே வந்தும் ஃப்ரீ பிளே கிடைக்கவில்லை என்றால், பிளேட் முடிந்துவிட்டது. இறக்கித்தான் ஆகவேண்டும்.

இறக்குவதாக இருந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாகவே மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் பழையதாக விட்டு ஆறு மாதத்தில் மறுபடி கூலி கொடுப்பவர்கள் உண்டு. பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்: லைனிங் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை வரை ஆழம் 0.3 மி.மீ.-க்குக் குறைந்திருந்தால் மாற்றியது நியாயம். லைனிங் தடிமனாக இருந்து கண்ணாடி போல மின்னினால் அது கிளேஸ், அரை கிளட்சின் வேலை. லைனிங் ஈரமாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் புது செட் போட்டும் பயனில்லை. கிராங்க் ரியர் சீலோ இன்புட் ஷாஃப்ட் சீலோ ஒழுகுகிறது, அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். சீல் விலை அற்பம், கூலியோ ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

ஃப்ளைவீலை எல்லோருக்கும் மாற்றத் தேவையில்லை. நீலப் புள்ளிகளும் மெல்லிய வெடிப்புகளும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். லேசான கோடு என்றால் லேத்தில் ஒரு ஸ்கிம் (மேற்பரப்பை மெல்லச் சீவுவது) போதும். பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் இது ஒற்றைத் துண்டு. டீசலில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்கிம் கேட்காதீர்கள், அதை லேத்தில் போடக்கூடாது.

கியர்பாக்ஸை இறக்கும்போது ஆயிலும் புதிதாக ஊற்றுங்கள். இந்த வகைக்கு சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். பக்கவாட்டு ஃபில் பிளக் ஓட்டையிலிருந்து வழிகிற வரை என்பதுதான் அளவு, வண்டி சமமாக நிற்கவேண்டும். பெரும்பாலும் 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90, ஜிஎல்-4. கடைக்காரர் ஜிஎல்-5 இன்னும் நல்லது என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கை அதிகம், பித்தளை சின்க்ரோவுக்கு ஆகாது.

ஸ்பேர் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்குவதாக இருந்தால் வண்டி மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். சேசிஸ் எண்ணை வைத்துப் பாகத்தின் எண்ணை எடுத்துக்கொண்டு போய், டப்பாவில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பில்லோடு வாங்குங்கள். வேலியோ, எக்ஸெடி, லுக் என்று கிளட்சே தொழிலாக உள்ளவர்களின் செட் போதும். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு ஸ்ப்லைன் எண்ணிக்கையும் பிளேட் விட்டமும் மாறும், மாட்டும்போதுதான் தெரியும். மெக்கானிக் அலைன்மென்ட் டூல் வைத்திருக்கிறாரா, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குகிறாரா என்று நின்று பாருங்கள். ஸ்ப்லைனில் கிரீஸ் ஒரு பூச்சு மட்டும். அள்ளி அப்பினால் சுழற்சியில் தெறித்து புது லைனிங்கில் விழும்.

ஹெப்பால்_ஜாம்:

நடுவுல புகுந்து கேக்கறேன், மன்னிக்கவும். என் வண்டி டீசல், ஹைட்ராலிக் கிளட்ச். ஒரு மணி நேர ஜாம்ல பெடல் பாதி வழியில நின்னுடுது, கால் விரலால தூக்கி விட வேண்டியிருக்கு. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணா சரியாகுது. இதுக்கும் கேபிள் மாதிரி அட்ஜஸ்ட் உண்டா?

பெல்_ஹவுசிங்:

ஹைட்ராலிக்கில் அட்ஜஸ்ட் கிடையாது, தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் பைட் பாயின்ட் ஏறாது. பெடல் கனத்துக்கொண்டே போவதுதான் அங்கே பிளேட் தேய்வின் அடையாளம்.

உங்கள் அறிகுறி ஃப்ளூயிட் பக்கம். ரிசர்வாயரில் நிறத்தைப் பாருங்கள். பழுப்பேறி இருந்தால் ஈரம் இழுத்து வயதாகிவிட்டது, சூட்டில் ஆவிக் குமிழ் கட்டும். டாட் 4 என்று மூடியில் போட்டிருந்தால் அதையே ஊற்றி, பழுப்பு போய்த் தெளிவாக வரும்வரை ப்ளீட் செய்யச் சொல்லுங்கள் (பழைய ஃப்ளூயிடையும் காற்றையும் வெளியேற்றுவது). பல வண்டியில் பிரேக்கும் கிளட்சும் ஒரே ரிசர்வாயர்தான், நடுவில் மட்டம் இறங்கவிடாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல்: பெடலுக்கு மேலே, காலடிப் பாயில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்து மட்டம் குறைகிறது என்றால் கிளட்ச் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர். அது பெல் ஹவுசிங்குக்குள் உட்கார்ந்திருக்கும் வகை என்றால் கியர்பாக்ஸ் இறங்கும், அப்போது கிளட்ச் செட்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

ஓஆர்ஆர்_வாசி:

நட்டைத் தளர்த்தியாச்சுண்ணா. இன்னும் 9 மி.மீ. திரெட் மிச்சம் இருக்கு. பெடல்ல 18 மி.மீ. ஃப்ரீ பிளே. 'சிர்ர்' நின்னுடுச்சு, 4-வது சோதனைல ஊசியும் வேகமும் ஒண்ணாத்தான் ஏறுது. எஸ்டிமேட்டை கேன்சல் பண்ணிட்டேன்.

கடைசியா ஒண்ணு. சாம்ராஜ்நகர் பக்கத்துலேர்ந்து திம்பம் இறங்கும்போது 2-வதா, 3-வதா? ஒவ்வொரு ஹேர்பின்லயும் கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே திருப்பற வழக்கம்.

நாலாவது_கியர்:

கிளட்ச்ச மிதிச்சுட்டுத் திருப்பினா அந்த நேரத்துக்கு வண்டி நியூட்ரல்ல இருக்கற மாதிரிதான், இறக்கத்துல பிடிக்க ஆளில்ல. 27 ஹேர்பின், 27 தடவை அப்படி விட வேண்டாம்.

திம்பம் மேட்டுல இருந்து இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 2-வது போட்டுடுங்க, பண்ணாரி செக்போஸ்ட் வரைக்கும் பெரும்பாலும் அதுலயே வரலாம். ஹேர்பின்ல 15-லிருந்து 20 கி.மீ., அதாவது 1,000-லிருந்து 1,330 ஆர்.பி.எம். 2-வது அங்க தாராளமா இழுக்கும், கிளட்ச் தேவையே இல்ல. நடுவுல இருக்கற நேர்ப்பகுதில 30, 35 வரும், 2,300 ஆர்.பி.எம். இன்ஜின் கத்துதேன்னு பயந்து 3-வதுக்கு ஏத்தாதீங்க. 3,500 போனாக்கூட அதுக்கு ஒண்ணும் ஆகாது, பெட்ரோலும் போகல. வேகம் ஏறிக்கிட்டே போனா பிரேக்கை அழுத்திப் போட்டு 20-க்குக் கொண்டுவந்து முழுசா விடுங்க. லேசா மிதிச்சபடியே இறங்கினா டிஸ்க் ஆறவே நேரமில்லாம சூடேறி, கீழ்ப்பாதி வளைவுகள்ல பெடல் மெத்துன்னு ஆயிடும்.

இறக்கத்துல கியரை இறக்கும்போது ஒரு விஷயத்துல மட்டும் கவனம். ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் வெட்டும், சக்கரம் இன்ஜினைச் சுத்தறதைத் தடுக்காது. ஹைவேல 90-ல 4-லிருந்து 3-க்குப் போற கை நழுவி 1-ல போட்டுக் கிளட்ச்ச விட்டா, கணக்குப்படி பிளேட் 11,000 சுத்தணும். லைனிங் சிதறும், வால்வு வளையும். லிவர் வழக்கத்தைவிட முரண்டு பிடிச்சா அது சின்க்ரோ மாட்டேன்னு சொல்றது, அழுத்தாம நியூட்ரலுக்கு வந்து மறுபடி போடுங்க. 3-வதுக்குத் தள்ளும்போது லிவரைப் பயணி பக்கமாத் தள்ற மாதிரி பிடிக்காம, உள்ளங்கையை டிரைவர் பக்கம் பார்த்துப் பிடிங்க, லிவர் நடு வரிசையிலயே நிக்கும்.